நட்சத்திர ஹோட்டலும் அமானிதமும்

தேர்வாய் கண்டிகைக்கும் நட்சத்திர ஹோட்டலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள சிற்றூர் அது. ஆடு மாடுகள் மேய்ந்து திரிந்த 1,100 ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் அங்கே சிப்காட் தொழிற்பூங்காவாக மாறின. அதை எதிர்த்து ஊர் மக்கள் போராடினர். அவர்களுள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். 2012-ஆம் ஆண்டில் அவர்களுடைய முறையீடு பிரான்சு நாடு வரை சென்றது. அது தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. சென்னைக்குக் குடிநீர் தரும் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்ட பிறகுதான் நகரவாசிகள் பலருக்கு இந்த ஊரின் பெயரே தெரிய வந்தது.

முறையீடு ஏன் பிரான்சு வரை செல்ல வேண்டும்? அத்தொழிற்பூங்காவில் ஆலை அமைக்க 2009-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது மிஷ்லின் என்னும் பிரெஞ்சு டயர் நிறுவனம். உலகத்து உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் புகழ்பெற்ற வழிகாட்டி நூலை வெளியிடுவதும் இதே மிஷ்லின் நிறுவனந்தான்! ஆந்திரே, எதுவார் என்னும் மிஷ்லின் சகோதரர்கள் இருவரும் 1900-இல் அந்நூலின் முதற்பதிப்பை அச்சிட்டு, கார் வைத்திருந்தோருக்கு இலவசமாக வழங்கினர். எந்த ஊரில் எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்று அது சொல்லிற்று. மக்கள் கார்களில் அதிகம் பயணம் செய்தால் டயர் அதிகம் தேயும், டயர் தேய்ந்தால் விற்பனை பெருகும் என்பதே அதன் உட்பொருள். வணிகர்களின் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டு புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை. 1926 முதல் அதில் நட்சத்திரம் இடலாயினர். நட்சத்திரம் தட்டில் வரும் உணவுக்கு மட்டுமே. அலங்கார விளக்குக்கும் பட்டுத் திரைக்கும் அன்று. அந்நிறுவனத்தின் ஆய்வாளர் தாம் இன்னார் என்று சொல்லிக்கொள்ளாமல் சாதாரண விருந்தினராகச் சென்று, உண்டு, பில்லுக்குப் பணமும் கொடுத்துவிட்டு வருவார்.

நம் நாட்டு ஹோட்டல்களின் நட்சத்திரம் வேறு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் வகைப்படுத்தும் குழு ஒன்று ஹோட்டலைப் பார்வையிட்டு, ஒன்று முதல் ஐந்து வரையும் அதற்கு மேல் ஐந்து நட்சத்திர டீலக்ஸ் என்றும் தரம் வழங்குகிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பது ஹோட்டலின் விருப்பம், கட்டாயமில்லை. ஆகவே நெடுஞ்சாலையோரம் பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவருமாக நிற்கும் ஒரு மாளிகை தன்னைத் தானே உயர்தரம் என்று சொல்லிக்கொள்ளக் கூடும். முறையாகத் தரம் பெற்றதாயினும், அந்தத் தரத்தில் பெரும்பங்கு அறையின் அளவு, குளியலறை, மின்தூக்கி, உணவகம் முதலிய வசதிகளைக் குறித்தது. வாக்குக் கொடுத்த மேலாளர் அந்த வாக்கைக் காப்பாற்றுவாரா என்பதை எந்தக் குழுவால் அளந்து சொல்ல இயலும்?

மானத்துக்கு அஞ்சி

பழவேற்காடு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் நம்மவர்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். ஆலைகள் வந்த பின் லாரி ஓட்டுவோர், பழைய இரும்பு வாங்கி விற்போர், உணவு வழங்குவோர், ஆட்களை வேலைக்கு அனுப்புவோர் எனப் பல தொழில்களில் சிலர் முன்னேறினர். தொழில் வளர்ந்ததும் வழக்கங்களும் மாறின. வெளிநாட்டிலிருந்து வரும் பொறியாளரைத் தெருமுனைப் பிரியாணிக் கடைக்கு அழைத்துச் செல்ல முடியுமா? நட்சத்திர ஹோட்டலில் மேசை பதிவு செய்கின்றனர். மகனுக்கு நிக்காஹ் என்றால், முன்பு பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தில் நடந்த வலீமா இப்போது சென்னையின் பெரிய ஹோட்டலுக்குப் போகிறது. ஆடம்பரத்தை மார்க்கம் விரும்புவதில்லை என்பதை இந்த இதழ் வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. போகிறவர்கள் போகத்தான் செய்கின்றனர். போன இடத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் இங்கே கவலை.

என் உறவினர் ஒருவர் அப்படித்தான் ஒரு வலீமா விருந்தை ஏற்பாடு செய்தார். ஹோட்டலின் பெயர் வேண்டாம். முந்நூறு பேருக்குச் சாப்பாடு. தட்டு ஒன்றுக்கு அவர்கள் சொன்ன விலையில் ஒரு சிறு குடும்பம் ஒரு வாரம் உண்ணலாம். பேச்சு நடத்திய மேலாளர் மிக இனிமையானவர். இறைச்சி ஹலாலா என்றதும், "நிச்சயமாக, ஐயா" என்றார். மது பரிமாறும் கூட்டம் அருகில் இருக்கக் கூடாது என்றதும் தலையசைத்தார். மக்ரிப் தொழுகைக்கு அறை ஒன்று, பெண்களுக்குத் தனியே திரையிட்ட இடம், உளூச் செய்ய வசதி என்று கேட்டவை அனைத்துக்கும் "ஆகட்டும்" என்றே விடை வந்தது. முன்பணம் கட்டப்பட்டது. பேசியவற்றுள் ஒன்றும் எழுத்தில் ஏறவில்லை.

விருந்து நாளன்று அந்த மேலாளர் அங்கே இல்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டாராம். புதியவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தொழுகைக்கென்று சொன்ன அறையில் ஏதோ ஒரு கம்பெனியின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் மின்தூக்கிக்கு எதிரே நடைபாதையில் துண்டை விரித்துத் தொழுதனர். தட்டுகளைச் சுமந்த பணியாளர்கள் அவர்களுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தனர். கிப்லா எந்தத் திசை என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. இறைச்சி எங்கிருந்து வந்தது என்று ஒரு முதியவர் கேட்டார். சமையற்கூடத்திலிருந்து வந்த விடை மூன்று முறை மாறியது. அதன் பின் அவர் தயிரும் சோறும் மட்டும் உண்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தனர்.

பில் வந்தபோது உறவினர் முழுத்தொகையும் கட்டினார். 'சர்வீஸ் சார்ஜ்' என்ற பத்து விழுக்காட்டையும் சேர்த்தே கட்டினார். "கேட்டிருக்கலாமே!" என்றேன். "சம்பந்தி வீட்டார் எதிரில் சண்டை போடச் சொல்கிறீர்களா, மச்சான்? மானம் போய்விடும். விட்டுவிடுங்கள்" என்றார். மறுவாரமும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்டுவதற்கு அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

இந்தக் கூச்சம் அவர் ஒருவருக்கு உரியதன்று. பெட்டிக் கடையில் எட்டணா குறைந்தால் நாம் வாதாடுகிறோம். பளிங்கு மண்டபத்தில் எட்டாயிரம் குறைந்தால் வாய் மூடிவிடுகிறோம். பெரிய இடத்தில் கணக்குக் கேட்பது சிறுமை என்று யாரோ நமக்குக் கற்பித்துவிட்டனர்.

விருந்தும் அமானிதமும்

நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் அறிமுகமில்லாத விருந்தினர் வந்த நிகழ்ச்சி திருக்குர்ஆனில் அத்தாரியாத் அத்தியாயத்தில் இடம்பெற்றுள்ளது. வந்தவர் யார், எவ்வூர் என்று விசாரிப்பதற்கு முன்னே அவர்கள் ஓசையின்றித் தம் வீட்டாரிடம் சென்று, கொழுத்த காளைக்கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து விருந்தினருக்கு அருகில் வைத்தார்கள். "ஓசையின்றி" என்பதில் விரிவுரையாளர்கள் ஒரு நயம் காண்பர். சமைக்கப் போகிறேன் என்று அறிவித்தால் விருந்தினர் வேண்டாமென்று மறுப்பர்; அந்தச் சங்கடத்தை அவர்களுக்குத் தராமல் இருப்பதும் உபசரிப்பின் பகுதியே. விருந்தினருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பாகவும், மூன்று நாள் வரை வழக்கம் போலவும் உபசாரம், அதற்கு மேற்பட்டது தருமம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வரையறை செய்தார்கள். விருந்தளிப்பவரைத் தொல்லைப்படுத்தும் அளவுக்குத் தங்கக் கூடாது என்று விருந்தினருக்கும் எல்லை கட்டினார்கள்.

முஸ்லிம் உலகத்தின் நெடுஞ்சாலைகளில் எழுந்த சராய்களும் முஸாஃபர்கானாக்களும் இந்த மரபில் வந்தவையே. சென்னைச் சென்டிரல் நிலையத்துக்கு எதிரே மேல்விஷாரம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் எழுப்பிய சித்தீக் சராயை நம் வாசகர்கள் அறிவர். அங்கே திரைச்சீலையில்லை, வாயில்காப்போனின் சலாம் இல்லை; வந்திறங்கிய வழிப்போக்கனுக்குத் தலை சாய்க்க இடம் கிடைத்தது.

விலைக்கு உபசரிக்கும் ஹோட்டலை நபிமார்களின் உபசரிப்போடு ஒப்பிடுவது பொருந்தாது என்று சிலர் கூறலாம். உண்மை. ஹோட்டல் நடத்துவது வணிகம். அதில் இலாபம் பெறுவது ஹலால். ஆயினும் வணிகத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களைக் குறித்து அல்முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே இறங்கியது. ஐந்து நட்சத்திரத்துக்குரிய விலையை நிறைவாக வாங்கிக்கொண்டு இரண்டு நட்சத்திரத்துக்குரிய சேவையைக் கொடுப்பதும் அளவில் குறைப்பது அன்றோ?

அதற்கும் மேலாக அமானிதம் என்று ஒன்று இருக்கிறது. ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின் போது பெருமானார் (ஸல்) அவர்கள் உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து கஅபாவின் சாவியைப் பெற்று உள்ளே சென்றார்கள். வெளியே வந்தபோது அச்சாவியைத் தங்களுக்குத் தரும்படி நெருங்கிய உறவினரே கேட்டனர். எனினும் சாவி பழைய பொறுப்பாளரிடமே திரும்பிச் சென்றது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுமாறு பணிக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தை இந்நிகழ்ச்சியோடு இணைத்துக் கூறும் விரிவுரையாளர்கள் பலர். இன்றுவரை அந்தச் சாவி அக்குடும்பத்தாரிடமே இருந்து வருகிறது.

நட்சத்திர ஹோட்டலின் வாசலில் இறங்கும் நாமும் முதலில் ஒப்படைப்பது ஒரு சாவியைத்தான், கார்ச் சாவியை. அப்படி ஒப்படைக்கப்பட்ட ஒரு சாவியைப் பற்றி இந்திய உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று உண்டு.

ஒரு மாருதி ஜென் காரின் கதை

1998 ஆகஸ்டு 1. புதுதில்லி தாஜ்மகால் ஹோட்டலுக்கு இரவு 11 மணியளவில் ஒருவர் தம் மாருதி ஜென் காரில் வந்தார். வாசலில் நின்ற பணியாளரிடம் காரையும் சாவியையும் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். அவர் கையில் ஒரு சீட்டுத் தரப்பட்டது. காரை நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு, இழப்புக்கோ சேதத்துக்கோ ஹோட்டல் பொறுப்பன்று என்பது அதில் அச்சாகியிருந்த வாசகத்தின் சாரம். நள்ளிரவு ஒரு மணியளவில் அவர் வெளியே வந்தபோது கார் இல்லை. வேறொரு காரில் வந்திருந்த மூன்று இளைஞர்கள் வெளியே வந்து தங்கள் காரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கின்றனர். அந்தச் சந்தடியில் அவர்களுள் ஒருவன் மேசை மீதிருந்த ஜென் காரின் சாவியை எடுத்துக்கொண்டு போய், காரைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டான். காவலர் தடுக்க முயன்றும் பயனில்லை. கார் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனி உரிமையாளருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது. பின்னர் அக்கம்பெனியும் உரிமையாளரும் சேர்ந்து ஹோட்டல் மீது நுகர்வோர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி, மீண்டும் உயிர்பெற்று, தில்லி மாநில ஆணையத்தில் வென்றது. காரின் தொகை, வட்டி, வழக்குச் செலவு 50,000 ரூபாய், உரிமையாளர் பட்ட தொல்லைக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஆகியவற்றைக் கொடுக்குமாறு ஆணை பிறந்தது. தேசிய ஆணையம் வட்டியை மட்டும் குறைத்தது. ஹோட்டல் உச்சநீதிமன்றம் சென்றது. 2019 நவம்பர் 14 அன்று நீதிபதிகள் மோகன் சாந்தனகௌடர், அஜய் ரஸ்தோகி ஆகியோர் ஹோட்டலின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர்.

அத்தீர்ப்பின் சாரத்தை நம் மொழியில் சொல்வதானால், ஒரு பொருளைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டவன் அதைப் பெற்ற நிலையில் திருப்பித் தரக் கடமைப்பட்டவன். பொருள் தொலைந்தால், தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். எப்படித் தொலைந்தது என்று விருந்தினர் துப்பறிந்து வர வேண்டியதில்லை. தன்னுடைய கவனக்குறைவையும் தன் பணியாளரின் கவனக்குறைவையும் ஒரு சீட்டின் அச்செழுத்தைக் காட்டி மறைக்க முடியாது. அதே வேளையில், என்ன நேர்ந்தாலும் ஹோட்டலே பொறுப்பு என்ற மிகக் கடுமையான விதியை நீதிபதிகள் ஏற்கவில்லை. உரிய கவனத்தோடு காத்தும் தடுக்க முடியாத இழப்பு நேர்ந்தால் ஹோட்டல் தப்பிக்கலாம். நம் ஃபிக்ஹு நூல்களில் 'வதீஆ' என்னும் காப்புப் பொருளைப் பற்றிய பாடத்தைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அங்கேயும் வரம்பு மீறினானா, கவனக்குறைவாக இருந்தானா என்பதுதான் கேள்வி. நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் என்பதில் வேறுபாடு இருக்கலாம், கேள்வி ஒன்றே.

சாவி கடைசியில் எங்கே கிடந்தது என்பதைக் கவனியுங்கள். பெட்டியில் பூட்டி வைக்கப்படாமல் எவர் கையும் எட்டும் மேசையில் கிடந்தது. அத்தனை பெரிய ஹோட்டல், அத்தனை விளக்குகள், அத்தனை சீருடைகள்! ஒரு சிறு பெட்டிக்குப் பூட்டுப் போட ஆளில்லை. என் உறவினரின் வலீமாவிலும் குறைந்தது பணமன்று, ஆளன்று; பழைய மேலாளர் கொடுத்த வாக்கைக் குறித்து வைத்துப் புதியவரிடம் ஒப்படைக்கும் ஒரு பக்கக் காகிதந்தான்.

1998-இல் போன காருக்கு 2019-இல் முடிவு. இருபத்தோராண்டுகள்! இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று துணை நில்லாதிருந்தால் தனிமனிதர் ஒருவர் அவ்வளவு காலம் வழக்காடியிருப்பாரா என்பது ஐயமே. ஆயினும் அவர் வென்றதனால், வாசலில் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் இன்று ஒரு பிடிமானம் இருக்கிறது.

பில்லைப் படியுங்கள்

கார் விஷயத்தில் சட்டம் நம் பக்கம். பில் விஷயத்தில் அப்படி முழுதும் சொல்ல முடியாது. வெளியே 20 ரூபாய்க்கு விற்கும் தண்ணீர்ப் புட்டிக்கு ஹோட்டல் 150 ரூபாய் கேட்டால், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். 2017 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. ஹோட்டலில் நாம் வாங்குவது தண்ணீரை மட்டுமன்று, அமர்ந்திருக்கும் இடம், சூழல், பரிமாறுதல் எல்லாம் அதில் அடக்கம்; ஆகவே அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்பது தீர்ப்பு. எனக்கு இது கசக்கத்தான் செய்கிறது. ஆனால் சட்டம் அதுதான். உணவுப் பட்டியலில் விலையைப் பார்த்துவிட்டுப் புட்டியைத் திறப்பதே நமக்குள்ள வழி.

2019 ஜூலையில் நடிகர் ராகுல் போஸ் சண்டிகரின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் இரண்டு வாழைப்பழம் கேட்டார். பில் 442 ரூபாய் 50 காசு. பழத்தின் விலை 375. மீதி 67 ரூபாய் 50 காசு ஜி.எஸ்.டி. அவர் அதைப் படம்பிடித்து ஊரறியச் செய்தார். நாடே சிரித்தது. புதிய பழங்களுக்கு வரி விலக்கு உண்டே என்று விசாரித்த சண்டிகர் வரித்துறை ஹோட்டலுக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. நாங்கள் கொடுத்தது பழம் மட்டுமன்று, சேவை என்று ஹோட்டல் சங்கம் வாதிட்டது. இங்கே பார்க்க வேண்டியது, அபராதம் 375 ரூபாய் விலைக்கு அன்று, அதன் மேல் போட்ட வரிக்கு என்பதைத்தான். விலை எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். வரி என்ற பெயரில் தன் விருப்பப்படி வாங்கக் கூடாது.

வரியையும் 'சர்வீஸ் சார்ஜ்' என்பதையும் ஒன்றாக எண்ணி ஏமாறுவோர் மிகப் பலர். ஜி.எஸ்.டி. அரசுக்குப் போவது, கட்டியே ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் அரசின் வரி அன்று. ஹோட்டல் தானாகச் சேர்ப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட நெறிமுறைகளின்படி, உணவகங்கள் இதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது; வேறு பெயரிலும் வாங்கக் கூடாது; கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் எனவும் கூறக் கூடாது. உணவகச் சங்கங்கள் இதனைத் தில்லி உயர்நீதிமன்றத்தில் எதிர்த்தன. 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு இலட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார். சங்கங்கள் மேல்முறையீடு செய்துள்ளன. என் உறவினர் கட்டிய பத்து விழுக்காட்டை, "இதை எடுத்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டாமலே வந்திருக்கலாம்.

மனம் நிறைந்து கொடுக்கும் அன்பளிப்பை யாரும் தடுக்கவில்லை. பரிமாறிய பிள்ளையின் கையில் கொடுத்தால் அது அவனுக்குச் சேரும். அந்தப் பிள்ளை யார்? தேர்வாய் கண்டிகை போன்ற ஓர் ஊரிலிருந்து, மேய்ச்சல் நிலம் போன பின் கேட்டரிங் படிப்புப் படித்துவிட்டு, ஒப்பந்தக் கூலிக்கு நள்ளிரவு வரை நிற்கும் யாருடைய மகனாகவும் அவன் இருக்கலாம். நம்மவர்களுள் சிலர் மேலாளரிடம் பேசக் கூசுவர். ஆனால் தண்ணீர் கொண்டுவந்த பையனை "டேய்" என்று அதட்டுவர். இது வெட்கக்கேடு. வாக்குக் கொடுத்தவன் அவன் அல்லன். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறையேனும் கடிந்துகொள்ளாத பெருமானாரின் உம்மத்தினர் நாம்.

கேட்க வேண்டிய முறை

ஹலால் விஷயத்துக்கு வருவோம். உணவகத்தில் பரிமாறும் இறைச்சி ஹலாலாக இருக்க வேண்டும் என்று சட்டம் எந்த ஹோட்டலையும் கட்டாயப்படுத்தவில்லை. "எங்களிடம் இல்லை" என்று ஒரு ஹோட்டல் நேர்மையாகச் சொன்னால் குறை சொல்ல இடமில்லை, வேறிடம் போகலாம். இருக்கிறது என்று சொல்லி, இல்லாததைப் பரிமாறினால் கதை வேறு. இல்லாத தரத்தை உள்ளதாகக் கூறி விற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறை. அதை நிரூபிக்க எழுத்து வேண்டும். எனவே மண்டபமோ அறையோ பதிவு செய்யும் முன், கேட்க வேண்டியவற்றை ஒரு கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எழுதி அனுப்புங்கள். இறைச்சி யாரிடமிருந்து வாங்கப்படுகிறது, பன்றி இறைச்சிக்குப் பயன்படும் பாத்திரமும் எண்ணெயும் தனியா, தொழுகைக்கு எந்த அறை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஏற்பாடு தவறினால் எவ்வளவு தொகை திரும்ப வரும் என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். விடை வந்த பின் முன்பணம் கட்டுங்கள். வாய்ச்சொல்லில் தாராளமாக இருந்த மேலாளர் எழுத்தில் எவ்வளவு சுருங்கிப் போகிறார் என்பதைக் கண்டு வியப்பீர்கள். அந்தச் சுருக்கமே உங்களுக்கு விடை. கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன வேதத்தை ஓதுபவர்களுக்கு இது புதிய பாடம் அன்று.

எழுதியும் தவறினால், அந்த இடத்திலேயே பணி மேலாளரை அழைத்து, குரலை உயர்த்தாமல், குறையைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். பதிவேடு இல்லை என்றால் கைப்பேசியிலேயே நேரம் குறித்து ஒரு செய்தி அனுப்பலாம். சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்களே என்ற தயக்கம் இருந்தால் இந்த வேலையைக் குடும்பத்தில் நிதானமுள்ள ஒருவரிடம் முன்னதாகவே ஒப்படைத்துவிடுங்கள். பல வீடுகளில் அதற்குப் பொருத்தமானவர் பெண்களுள் ஒருவராகவே இருப்பார். வீட்டுக் கணக்கைக் காசு பிசகாமல் வைத்திருப்பவர் அவர்தானே.

ஹோட்டல் அசையாவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அவர்கள் நிறுவனத்தோடு பேசிச் சமரசத்துக்கு முயல்வர். சிறு தொகைகள் பல இப்படியே தீர்ந்துவிடுகின்றன. தீராதவை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முன்பெல்லாம் ஹோட்டல் இருக்கும் ஊரில் அல்லது சம்பவம் நடந்த ஊரில்தான் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். தில்லி ஹோட்டலில் ஏமாந்த தேர்வாய் கண்டிகைவாசி திருவள்ளூர் மாவட்ட ஆணையத்தின் படியேறலாம்; ஹோட்டல்தான் அங்கே வந்து விடை சொல்ல வேண்டும். கொடுத்த தொகை 50 இலட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து இலட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தின் வழியே வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடப்பில் அதைவிட நாளாகும் என்று எதிர்பார்த்துக்கொண்டே போங்கள்.

புகாரில் ஹோட்டலைத் திட்ட வேண்டாம். நாள், இடம், கொடுத்த தொகை, எழுத்தில் தரப்பட்ட வாக்கு, கிடைத்தது என்ன, வேண்டுவது என்ன என ஒரு பக்கம் போதும். அதனோடு பில், மின்னஞ்சல், படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். கார் சம்பந்தப்பட்டதாயின் வாசலில் தந்த சீட்டையும், அதன் பின்புறத்துச் சிற்றெழுத்துகளோடு சேர்த்து, நகலெடுத்து வையுங்கள்.